பணம் திரும்ப வேண்டுமா, கடைக்காரர் மீது நடவடிக்கை வேண்டுமா? நுகர்வோர் புகாரை எங்கே கொடுப்பது

திருச்சியில் ஒரு குடும்பம் 32,000 ரூபாய் கொடுத்து ஒரு பிரிட்ஜ் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் மாதத்தில் அது குளிர்விப்பதை நிறுத்திவிடுகிறது. சர்வீஸ் இன்ஜினியர் வந்து கேஸ் நிரப்பிவிட்டுப் போகிறார். சில நாட்களில் அதே கோளாறு திரும்ப வருகிறது. கடைக்காரர் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார். கம்பெனியின் தொலைபேசி எண்ணோ அழைக்கும்போதெல்லாம் ஒரு புதிய புகார் எண்ணைக் கொடுத்துவிட்டுத் துண்டித்துக்கொள்கிறது. இந்த நிலையில் அக்கம்பக்கத்தில் யோசனை கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள் என்பார் ஒருவர், வக்கீல் நோட்டீஸ் விடுங்கள் என்பார் இன்னொருவர், நேராக நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்கள் என்பார் மூன்றாமவர், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்துப் பாருங்கள் என்பார் நான்காமவர்.

நால்வர் சொல்வதும் சட்டத்தில் இருக்கும் வழிகள்தாம். ஆனால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு தனி வேலை உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன்பு, புகார்தாரர் தமக்குத் தாமே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: எனக்கு என் பணமோ சரியான பொருளோ திரும்பக் கிடைக்க வேண்டுமா, அல்லது இந்த வியாபாரி இப்படிச் செய்வதை அரசு தடுத்து நிறுத்த வேண்டுமா? முதலாவதை நிவாரணம் என்றும் இரண்டாவதை நடவடிக்கை என்றும் சொல்லலாம். நிவாரணம் தரும் இடம் பெரும்பாலும் நடவடிக்கை எடுப்பதில்லை. நடவடிக்கை எடுக்கும் இடம் பெரும்பாலும் நிவாரணம் தருவதில்லை. மக்கள் அலைக்கழிக்கப்படுவதற்கு இந்த வேறுபாட்டை யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாததே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

எந்த வழியில் சென்றாலும் அடித்தளம் ஒன்றுதான். 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை ஆகியவற்றை அறியும் உரிமை, தேர்ந்தெடுக்கும் உரிமை, ஆபத்தான பொருளிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமை, முறையிடும் உரிமை, இழப்பீடு கேட்கும் உரிமை, விழிப்புணர்வு பெறும் உரிமை ஆகியவற்றை அது வரையறுக்கிறது. இவற்றைவிட அன்றாட வாழ்வில் பயன்படும் இரண்டு செய்திகள், 'முறையற்ற வணிக நடைமுறை' என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கத்துக்குள் இருக்கின்றன. பில் தர மறுப்பதே ஒரு முறையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொல்லப்பட்ட காலத்துக்குள்ளும், அப்படி ஒரு காலம் சொல்லப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அவ்வாறே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சடித்துவிட்டாலே பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கும் கடைகள் நம் ஊரில் ஏராளம். பழுதான பொருளைப் பொறுத்தவரை அந்த வரி கடைக்காரரைக் காப்பாற்றாது. ஆனால் சேலையின் நிறம் வீட்டுக்கு வந்த பிறகு பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை இச்சட்டம் வழங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது கடையின் விருப்பத்தைப் பொறுத்தது.

யார் நுகர்வோர் என்பதிலும் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் தாமே உழைத்துப் பிழைப்பதற்காக வாங்கியவர் நுகர்வோர்தான். வீட்டுத் திண்ணையில் தைத்துப் பிழைக்கும் ஒருவர் வாங்கிய தையல் இயந்திரம் பழுதானால் அவர் வழக்குத் தொடரலாம். ஐம்பது இயந்திரங்கள் ஓடும் ஆயத்த ஆடை நிறுவனம் அவ்வாறு தொடர முடியாது.

முதல் வழி, விற்றவரிடமே எழுத்தில் முறையிடுவது. இது சம்பிரதாயத்துக்காகச் செய்வது என்று பலர் நினைத்துத் தொலைபேசியிலேயே சண்டையை முடித்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. தொலைபேசியில் பேசியதற்குச் சான்று இல்லை. மின்னஞ்சலுக்கும் ஒப்புகையுடன் அனுப்பிய கடிதத்துக்கும் சான்று உண்டு. வாங்கிய நாள், பில் எண், கோளாறு, இதுவரை நடந்த பழுதுபார்ப்புகள், எதிர்பார்க்கும் தீர்வு, அதற்கான கெடு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் சேர்த்தே அனுப்ப வேண்டும். இணையத்தில் வாங்கிய பொருளானால் இந்த வழிக்குக் கூடுதல் வலு இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு விற்பனைத் தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து அவருடைய பெயரையும் தொடர்பு விவரங்களையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் அரட்டைப் பெட்டியில் மன்றாடுவதை விட்டுவிட்டு, அந்த அலுவலருக்கு நேரடியாக எழுதுவது எவ்வளவோ மேல்.

இரண்டாவது வழி, தேசிய நுகர்வோர் உதவி மையம். 1915 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். இணையதளத்திலும் புகார் பதியலாம். கட்டணம் கிடையாது. புகார் எண் கொடுக்கப்பட்டு, விவரங்கள் சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு அனுப்பப்படும். பெரிய மின்வணிக நிறுவனங்கள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள், வீட்டு உபயோகப் பொருள் தயாரிப்பாளர்கள் எனப் பலர் இந்த மையத்தோடு இணைந்திருப்பதால், அவர்களுக்கு எதிரான புகார்களை அந்நிறுவனங்களிலேயே தனிக் குழுக்கள் கவனிக்கின்றன. வராத பணம், வந்துசேராத பொருள், ரத்தான பயணச்சீட்டின் தொகை போன்ற தெளிவான விவகாரங்களில் இதுவே மிக விரைவான வழி.

ஆனால் இந்த மையம் யாருக்கும் உத்தரவிட முடியாது. வழக்குக்கு முந்தைய சமரச முயற்சி மட்டுமே அதன் வேலை. நிறுவனம் 'எங்கள் தரப்பில் தவறு இல்லை' என்று பதில் எழுதிவிட்டால் புகார் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். பக்கத்துத் தெருக் கடைக்காரருக்கு எதிராக இதில் அதிகம் எதிர்பார்க்க முடியாது. அவருக்கு இந்த மையத்தோடு எந்தப் பிணைப்பும் இல்லை. நம் திருச்சிக் குடும்பத்தின் பிரிட்ஜ் விவகாரத்தில், தயாரிப்பு நிறுவனத்துக்கு எதிராக 1915-இல் பதிவது பயனுள்ளது; கடைக்கு எதிராகப் பதிந்துவிட்டுக் காத்திருப்பது வீண்.

காத்திருப்பதைப் பற்றி இங்கேயே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நுகர்வோர் கோர்ட் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் மட்டுமே அவகாசம். உதவி மையத்தில் புகார் நிலுவையில் இருப்பதாலோ நாம் தொடர்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருப்பதாலோ இந்தக் கடிகாரம் நிற்காது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம் என்றாலும், அது உரிமை ஆகாது. 'பார்த்துச் செய்து தருகிறோம்' என்ற இனிய பேச்சிலேயே இரண்டு ஆண்டுகளைக் கடத்திவிடும் நிறுவனங்கள் உண்டு. ஆகவே இலவசமான, எளிய வழிகளுக்கு ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு எழுத ஒரு மாதம், உதவி மையத்துக்கு ஒன்றிரண்டு மாதங்கள் போதும். அதற்குள் தீராதது அங்கே தீரப்போவதில்லை.

வக்கீல் நோட்டீஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நுகர்வோர் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. நோட்டீஸ் கிடைத்ததும் சில நிறுவனங்கள் இறங்கி வருவது உண்மை. ஆனால் சிறிய தொகைக்கான விவகாரத்தில், நீங்களே தெளிவாக எழுதி அனுப்பிய கடைசிக் கடிதம் அதே வேலையைச் செய்யும்.

இனி, இந்த ஒப்பீட்டில் மிக வலுவான வழியான மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு வருவோம். வழக்கு என்றாலே நம்மில் பலர் பின்வாங்குகிறோம். செலவு, வக்கீல், வாய்தா, விற்பனை அலுவலகம் இருக்கும் வெளியூருக்கு அலைச்சல் என்ற அச்சங்களே காரணம். இவற்றில் பாதிக்கு இன்று அடிப்படை இல்லை. பொருளுக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேல் தேசிய ஆணையம். இந்த வரம்புகள் நாம் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்தவை அல்ல, நாம் கொடுத்த விலையைப் பொறுத்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய சட்டத்தில் எதிர்தரப்பினர் இருக்கும் ஊரிலோ சம்பவம் நடந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும் என்றிருந்தது. 2019 சட்டம் புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே போடலாம் என்று மாற்றியது. பெங்களூரில் தலைமையகம் உள்ள நிறுவனத்தின் மீது திருச்சியில் வழக்குப் போடலாம். மனுவை இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். விசாரணையைக் காணொளி வழியாக நடத்தும்படி கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வக்கீல் இல்லாமல் தாமே வாதாடவும் தடை இல்லை.

மனுவின் வெற்றி பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கிறது. பில், வாரண்டி கார்டு, நாம் அனுப்பிய கடிதங்கள், அவர்கள் தந்த பதில்கள், பிரமாணப் பத்திரம் ஆகியவை அடிப்படை. இவற்றோடு பலரும் தூக்கி எறிந்துவிடும் ஒரு தாள் மிக முக்கியமானது: சர்வீஸ் இன்ஜினியர் ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் ஜாப் ஷீட். அதில் கோளாறு என்னவென்று அவர் கைப்படவே எழுதியிருப்பார். 'குளிர்விக்கவில்லை, கேஸ் கசிவு' என்று மூன்று தாள்களில் மூன்று தேதிகளில் எழுதியிருந்தால், அது தயாரிப்பிலேயே உள்ள குறை என்று வாதிட அதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது அரிது. அவர் 'சரியாக இயங்குகிறது' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்டால், படிக்காமல் போட்டுவிடாதீர்கள். சரியாகவில்லை என்றால் அதை உங்கள் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். இப்போது பல நிறுவனங்கள் தாளுக்குப் பதிலாக அலைபேசிக்கு வரும் ரகசிய எண்ணைக் கேட்டு வேலையை முடித்ததாகப் பதிகின்றன. அந்த எண்ணைச் சொல்வதும் கையெழுத்துப் போடுவதும் ஒன்றே. பில் தராத கடையானால் ஜி-பே போன்ற பணப் பரிமாற்றப் பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் துணைச் சான்றாகும்.

கேட்கும் தொகையில் நிதானம் வேண்டும். 32,000 ரூபாய்ப் பொருளுக்குப் பத்து லட்சம் மன உளைச்சல் இழப்பீடு கேட்பது மனுவின் நம்பகத்தன்மையைக் குறைக்கும். பொருளின் விலை அல்லது மாற்றுப் பொருள், வட்டி, நியாயமான இழப்பீடு, வழக்குச் செலவு என்று கேட்பது போதும். கடையையும் தயாரிப்பாளரையும் சேர்த்தே எதிர்தரப்பினராக்க வேண்டும். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்புவதை அது தடுக்கும்.

இந்த வழியின் உண்மையான குறை காலம். ஆணையத்தின் நோட்டீஸ் எதிர்தரப்பினருக்குக் கிடைத்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள்ளும், பொருளை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதங்களுக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பல வழக்குகள் அதைத் தாண்டி நீள்கின்றன. எதிர்தரப்பினர் பதில் தர 30 நாட்களும், அதற்கு மேல் 15 நாட்களும் மட்டுமே உண்டு. பழைய சட்டத்திலும் இருந்த இந்த 45 நாள் வரம்பைத் தாண்ட முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. இதைத் தெரிந்து வைத்திருக்கும் புகார்தாரர், கெடு தாண்டி வரும் பதிலுக்கு முதல் வாய்தாவிலேயே ஆட்சேபம் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டில் தொண்டு முறையில் இயங்கும் நுகர்வோர் அமைப்புகள் பல உள்ளன. சென்னையில் 1985 முதல் இயங்கும் சி.ஏ.ஜி. (சிட்டிசன் கன்ஸ்யூமர் அண்ட் சிவிக் ஆக்‌ஷன் குரூப்) அவற்றில் ஒன்று. பதிவு பெற்ற நுகர்வோர் சங்கங்கள் நமக்காக வழக்குத் தொடரவும் சட்டம் அனுமதிக்கிறது.

இதுவரை சொன்னவை நிவாரணத்துக்கான வழிகள். நடவடிக்கைக்கான வழிகளில் நம் மக்களுக்கு அதிகம் தேவைப்படுவது எடையளவுத் துறை. பேருந்து நிலையத்தில் 20 ரூபாய் என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டிலுக்கு 'கூலிங் சார்ஜ்' சேர்த்து 25 ரூபாய் வாங்குவதைத் தினமும் பார்க்கிறோம். ஐந்து ரூபாய்க்காக யாரும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகமாட்டார்கள், போகவும் வேண்டாம். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது குற்றம். குளிரூட்டியதற்கென்று தனிக் கட்டணம் எதுவும் அந்த விதிகளில் இல்லை. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். கடையின் பெயர், இடம், நேரம், பாட்டிலின் விலை அச்சுத் தெரியும் படம், பணம் செலுத்திய பதிவு ஆகியவை இருந்தால் ஆய்வாளர் சோதனைக்குச் செல்ல ஏதுவாக இருக்கும். விதிக்கப்படும் அபராதம் அரசுக்குப் போகும், உங்கள் ஐந்து ரூபாய் திரும்பி வராது. ஆனால் அந்தக் கடையில் நாளை நிற்கப்போகும் நூறு பேருக்கு அது நன்மை. உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது தரும் தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் கதை வேறு. அங்கே பரிமாறும் சேவையும் சேர்ந்திருப்பதால் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

பெட்ரோல் பங்கில் அளவு குறைவதாகச் சந்தேகம் வந்தால், அங்கேயே வைத்திருக்க வேண்டிய 5 லிட்டர் முத்திரையிட்ட அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. மறுத்தால் அதுவே புகாருக்குப் போதுமான காரணம். கெட்டுப்போன உணவு, கலப்படம் போன்றவற்றுக்கு மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்குச் செல்ல வேண்டும். அங்கே வேகம் முக்கியம், ஏனெனில் மாதிரி எடுக்கப் பொருள் மிச்சம் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

நடவடிக்கை, நிவாரணம் இரண்டும் ஒரே இடத்தில் சேரும் அரிய நிலை தங்க நகையில் இருக்கிறது. நம் வீடுகளின் சேமிப்பே நகை என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். 2023 ஏப்ரல் 1 முதல், கட்டாய ஹால்மார்க் விதிக்கு உட்பட்ட நகைகளை ஆறு இலக்க எழுத்தெண் அடையாளம் இல்லாமல் விற்கக்கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் நகையின் வகை, தூய்மை, முத்திரையிட்ட மையம் ஆகியவை தெரியும். கடையில் இருக்கும்போதே, பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். மோதிரத்துக்குரிய எண் சங்கிலியில் இருந்தால் அங்கேயே கேட்கலாம். முத்திரையில் சொன்ன தூய்மை பின்னர் சோதனையில் குறைந்தால், எடைக்கேற்ப அந்தக் குறைவின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகப் பெற அந்த அமைவனத்தின் விதிகளில் இடம் உண்டு. பில்லில் எடை, தூய்மை, செய்கூலி, சேதாரம், ஹால்மார்க் கட்டணம் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தால்தான் இதைக் கேட்க முடியும். சேதாரத்தைக் குறைத்துத் தருகிறேன், பில் வேண்டாம் என்று சொல்லும் கடையில் வாங்குபவர் இந்தப் பாதுகாப்பு முழுவதையும் கைவிடுகிறார்.

பொய் விளம்பரம், இணையதளங்களில் நமக்குத் தெரியாமலே கூடையில் ஏறிவிடும் காப்பீட்டுக் கட்டணம் போன்று பெருந்திரளான மக்களைப் பாதிக்கும் செயல்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. பொய் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அது தண்டத்தொகை விதிக்கலாம். தனிமனிதரின் பணத்தைப் பெற்றுத் தருவது அதன் வேலை அன்று. மாவட்ட ஆட்சியருக்கும், பலரைப் பாதிக்கும் மீறல்களை விசாரித்து இந்த ஆணையத்துக்கு அறிக்கை தரும் அதிகாரம் சட்டத்தில் உண்டு. ஆகவே ஒரு தெருவே ஏமாற்றப்பட்டிருந்தால் திங்கள்கிழமை மனுவுக்குப் பொருள் உண்டு, ஒரு வீட்டின் பிரிட்ஜுக்கு இல்லை.

வங்கி, காப்பீடு ஆகிய இரண்டிலும் வரிசை மாறுகிறது. வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். காப்பீட்டுக்கு அதற்கென்று தனிக் குறைதீர்ப்பாளர் உண்டு. இரண்டிலும் கட்டணம் இல்லை. ஆனால் அதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் அதை ஏற்கமாட்டார். எனவே குறைதீர்ப்பாளர் முதலில், ஆணையம் பிறகு என்ற வரிசையை மாற்றிவிடக்கூடாது. போலி இணையக் கடையில் பணம் போய்விட்டதென்றால் இந்த எந்த வழியும் உதவாது. 1930 என்ற இணையக் குற்ற எண்ணுக்கு அந்த மணி நேரத்திலேயே அழைக்க வேண்டும், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன்பே முடக்க முடிந்தால்தான் உண்டு.

மீண்டும் அந்த 32,000 ரூபாய்க்கு வந்தால், என் பரிந்துரை இதுதான். இன்றே கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார். ஒரு மாதம் கழித்து நிறுவனத்தின் மீது மட்டும் 1915. அதற்கும் அசையாவிட்டால், வாரண்டிக் காலம் முடியும் வரை காத்திராமல் மாவட்ட ஆணையம். எடையளவுத் துறைக்கோ கலெக்டருக்கோ இதில் வேலை இல்லை. ஆணையம் சமரசத்துக்கு அனுப்பினால் மறுக்க வேண்டாம். பொருளை மாற்றித் தருவதாக எழுத்தில் வந்தால் ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் நல்லது. உத்தரவு நமக்குச் சாதகமாக வந்த பிறகு 45 நாட்களுக்குள் எதிர்தரப்பினர் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால் அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனுப் போட வேண்டும். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. உத்தரவு நகல் கைக்கு வந்ததும் வழக்கு முடிந்துவிட்டதாக எண்ணி, இந்த மனுவைப் போடாமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நகல் கிடைத்த அன்றே, உத்தரவில் குறிப்பிட்ட கெடுத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.